முளைத்த ஆமணக்கு முத்தில் எண்ணெய் ஏன் காணாது? ஐசோசிட்ரேட் லையேஸ் என்ற நொதியின் கதை

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து முதுகலை உயிர்வேதியியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "எங்க ஆச்சி விளக்கெண்ணெய் காய்ச்சும்போது முளைவிட்ட கொட்டமுத்தை எல்லாம் பொறுக்கித் தூரப் போட்டுவிடுவாள். அதை இடிச்சா எண்ணெய் காணாது என்பாள். அந்த எண்ணெய் எங்கே போகிறது? அதில் வேலை செய்யும் ஐசோசிட்ரேட் லையேஸ் காசநோய்க் கிருமியிலும் இருக்கிறது, நம் உடம்பில் கிடையாது என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் ஏன் இன்னும் அதற்கு எதிராக ஒரு மருந்து வரவில்லை? இதையே புராஜெக்டாக எடுக்கலாமா?"

பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் தாவரவியல் பாடம் எடுத்தவன் நான். இந்த நொதியோடு நிறைய நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. காய்ந்த முத்து ஒன்றை ஓடு நீக்கி, பழுப்புத் தாளில் வைத்து நசுக்கிப் பாருங்கள். வடை வைத்த தாள் மாதிரி பளபளவென்று கறை விழும், காய்ந்தாலும் போகாது. விதையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அதே முத்தை ஈர மணலில் போட்டு ஏழெட்டு நாள் கழித்து எடுங்கள். உள்ளே இருந்த வெள்ளைத் தசை, அதாவது கருவூண், கொழகொழவென்று ஆகியிருக்கும். தாளில் நசுக்கினால் ஈரம்தான் தெரியும், வெயிலில் வைத்தால் கறையில் பெரும்பகுதி போய்விடும். எண்ணெய் சர்க்கரையாக மாறி வேருக்கும் தண்டுக்கும் போய்விட்டது. அப்புறம் ஆச்சி உரலில் எவ்வளவு இடித்துக் கொதிக்க வைத்தாலும் அகப்பையில் வழிக்க மேலே என்ன மிதக்கப் போகிறது?

எண்ணெயைச் சர்க்கரையாக்குவது சொல்லுகிற மாதிரி சுலபமில்லை. நம்மால் அது முடியாது. ஏன் முடியாது என்று புரிந்துவிட்டால் இந்த நொதியும் புரிந்துவிடும். கொழுப்பு உடையும்போது கடைசியில் இரண்டு கார்பன் துண்டுகளாக, அசிட்டைல் கோ-ஏ என்ற வடிவில் வந்து நிற்கிறது. அது, செல் உணவை எரித்துச் சக்தி எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சிக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் நான்கு கார்பன் ஆக்சலோஅசிட்டேட்டோடு சேர்ந்து ஆறு கார்பன் சிட்ரேட் ஆகிறது. சிட்ரேட் ஐசோசிட்ரேட் ஆகி, அடுத்த இரண்டு படிகளில் இரண்டு கார்பன்கள் கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகின்றன. மிஞ்சுவது மறுபடியும் நான்கு கார்பன். ஜங்ஷனில் இரண்டு பேர் ஏறி, டவுனுக்குள் இரண்டு பேர் இறங்கிவிடும் டவுன் பஸ் மாதிரி. எத்தனை நடை அடித்தாலும் பஸ்ஸில் கூட்டம் கூடாது. எரிசக்தி கிடைக்கும். புதிதாக ஒரு சர்க்கரை மூலக்கூறு கட்ட மிச்சமாக ஒரு கார்பனும் கிடைக்காது.

ஐசோசிட்ரேட் லையேஸ் அந்த இரண்டு பேரையும் இறங்க விடாமல் செய்கிறது. ஐசோசிட்ரேட்டை நேராக நறுக்கி நான்கு கார்பன் சக்சினேட், இரண்டு கார்பன் கிளையாக்சிலேட் என்று இரண்டு துண்டாக்குகிறது. மாலேட் சிந்தேஸ் என்ற இன்னொரு நொதி, கிளையாக்சிலேட்டோடு இன்னொரு அசிட்டைலைச் சேர்த்து நான்கு கார்பன் மாலேட் செய்கிறது. மாலேட் சுழற்சியைத் தொடர்ந்து ஓட்டும், சக்சினேட் லாபமாக வெளியே வரும். இதுதான் கிளையாக்சிலேட் சுழற்சி. நான்கு அசிட்டைல், அதாவது எட்டு கார்பன் உள்ளே போனால் இரண்டு சக்சினேட் வரும். அது சர்க்கரையாகும் வழியில் இரண்டு கார்பன் கழிந்து, ஆறு கார்பன் சர்க்கரை ஒன்று மிஞ்சும். எட்டில் ஆறு. கணக்களவில் பார்த்தால் ஒரு கிராம் ஆமணக்கெண்ணெயிலிருந்து சுமார் 1.3 கிராம் சர்க்கரை வரலாம். எடை கூடுகிறதே என்று மலைக்க வேண்டாம், கொழுப்பில் ஆக்சிஜன் மிகக் குறைவு. காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் அது வந்து சேர்கிறது.

இதைக் கண்டுபிடித்த ஆண்டு 1957. ஜெர்மனியிலிருந்து சிறுவனாக அகதியாக இங்கிலாந்து வந்த ஹான்ஸ் கோர்ன்பெர்க், தன் ஆசிரியர் ஹான்ஸ் கிரெப்ஸோடு சேர்ந்து, அசிட்டேட்டை மட்டுமே தின்று வளரும் பாக்டீரியா எப்படி உடம்பு கட்டுகிறது என்று கேட்டு இந்தச் சுழற்சியை முன்வைத்தார். அதே ஆண்டில் கோர்ன்பெர்க்கும் தாவர அறிஞர் ஹாரி பீவர்ஸும் சேர்ந்து அதே ஏற்பாடு ஆமணக்கு விதையிலும் இருக்கிறது என்று காட்டினார்கள். நுண்ணுயிரில் ஒரு கேள்வி, நம் வரப்போரத்து ஆமணக்கில் அதற்கு இரண்டாவது சாட்சி. பத்து வருடம் கழித்து, 1967ல், பிரைடன்பாக்கும் பீவர்ஸும் ஆமணக்குக் கருவூணை அரைத்து, சுக்ரோஸ் கரைசலின் அடர்த்திப் படிகளில் மையவிலக்குக் கருவியில் சுழற்றி, மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கீழே தனியாக ஒரு பட்டையைப் பிரித்தார்கள். மைட்டோகாண்ட்ரியா 1.19 அடர்த்தியில் நிற்கும், இது 1.25ல் போய் நின்றது. லையேஸும் சிந்தேஸும் அதற்குள் இருந்தன. செல்லுக்குள் இருக்கும் அந்தத் தனி அறைக்குக் கிளையாக்சிசோம் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு திருத்தம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடநூல் படங்களில் சுழற்சி முழுவதையும் கிளையாக்சிசோமுக்குள் வரைந்திருப்பார்கள். சிட்ரேட்டை ஐசோசிட்ரேட்டாக்கும் அகோனிட்டேஸ் அதற்குள் இல்லை, வெளியே சைட்டோசாலில், அதாவது செல்லின் திரவப் பகுதியில் இருக்கிறது என்று 1993லேயே காட்டியாகிவிட்டது. சிட்ரேட் வெளியே போய், உருமாறி, உள்ளே திரும்பி வருகிறது. வாய்மொழித் தேர்வில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நுண்ணுயிர்ப் பக்கம் வந்தால் கதை இன்னும் சுவையானது. ஈ. கோலை பாக்டீரியாவுக்குத் தனி அறை கிடையாது. ஐசோசிட்ரேட் வந்ததும் இரண்டு நொதிகள் அதற்குப் போட்டி போடுகின்றன. ஒன்று கிரெப்ஸ் சுழற்சியின் ஐசோசிட்ரேட் டீஹைட்ரஜனேஸ், மற்றது நம் லையேஸ். முதலாவது மிகக் குறைந்த செறிவிலேயே பிடித்துவிடும். லையேஸுக்கு அதைவிடப் பல மடங்கு செறிவு வேண்டும். அப்படியானால் லையேஸ் எப்போதும் தோற்க வேண்டும் அல்லவா?

சுத்தமல்லி அணைக்கட்டில் நின்று பார்த்திருப்பீர்கள். தாமிரபரணி தன்போக்கில் ஓடினால் நெல்லைக் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறாது, கால்வாயின் வாய் ஆற்றுப் படுகையைவிட உயரம். குறுக்கே கட்டு கட்டி நீர்மட்டத்தைத் தூக்கிக் கொடுத்த பிறகுதான் கால்வாயில் பாய்கிறது. ஈ. கோலை செய்வதும் இதேதான். உணவாக அசிட்டேட் மட்டும் கிடைக்கும்போது அது டீஹைட்ரஜனேஸ் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்குகிறது. ஆற்றோட்டம் தடைபடுகிறது, ஐசோசிட்ரேட் மட்டம் உயர்கிறது, லையேஸ் பக்கம் பாய்கிறது. குளுக்கோஸ் கிடைத்ததும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். ஒட்டுவதும் கழற்றுவதும் ஒரே புரதம். அதற்கான மரபணுவும் லையேஸ், சிந்தேஸ் மரபணுக்களும் அடுத்தடுத்து ஒரே தொகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. பாக்டீரியாக்களில் ஒரு நொதி இப்படிப் பாஸ்பேட் ஒட்டிக் கட்டுப்படுத்தப்படுவது தெளிவாகத் தெரிந்த ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று. எனக்குத் தெரிந்து வளர்சிதை மாற்றப் பாடத்தில் இதைவிட அழகான ஒரு மடை கிடையாது.

செடிக்குத் திரும்புவோம். "இந்தச் சுழற்சி இல்லாவிட்டால் எண்ணெய் விதை முளைக்காது" என்று நானே பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2000ல், கடுகுக் குடும்பத்துச் சிறு ஆய்வுச் செடியான அரபிடாப்சிஸில் லையேஸ் மரபணுவைக் கெடுத்துப் பார்த்தபோது அது அப்படியே உண்மையில்லை என்று தெரிந்தது. விதை முளைத்தது. கொழுப்பையும் உடைத்தது, ஆனால் சர்க்கரையாக்க முடியவில்லை. நல்ல வெளிச்சம் இருந்தால் வித்திலை பச்சையாகி ஒளிச்சேர்க்கை ஆரம்பித்து நாற்று பிழைத்துக்கொண்டது. வெளிச்சம் குறைந்தால் தவித்தது, சர்க்கரை கொடுத்தால் தேறியது. ஆக, மண்ணுக்கடியில், இருட்டில், ஆழத்திலிருந்து மேலே வர வேண்டிய நாட்களில்தான் இந்த நொதியின் அருமை தெரிகிறது. ஆனால் அரபிடாப்சிஸ் தன் எண்ணெயைப் பெரும்பாலும் வித்திலையில் வைத்திருக்கிறது. ஆமணக்கு வைத்திருப்பது கருவூணில். அது ஒருநாளும் பச்சையாகப் போவதில்லை, சர்க்கரையாக்கி வித்திலைக்கு ஊட்டுவது ஒன்றுதான் அதன் வேலை. அரபிடாப்சிஸ் முடிவை ஆமணக்கின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எல்லா விதைக்கும் இது பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். பனங்கொட்டையைப் புதைத்துக் கிழங்கு எடுக்கும்போது வெட்டித் தின்னும் தவுண் இனிக்கிறதே, அது வேறு வழி. முற்றிய பனங்கொட்டையின் கல் போன்ற தசையில் சேமிப்பு பெரும்பாலும் மானான் என்ற சர்க்கரைச் சங்கிலி. சங்கிலியை அறுத்தால் போதும், கொழுப்பைச் சர்க்கரையாக்கும் பாடு அங்கே பெரிதாக இல்லை.

நம் வயலிலும் இந்த நொதி இருக்கிறது, எதிரியின் கையில். பிசான நெல்லில் பனி இறங்கும் காலத்தில் குலைநோய் வருகிறதே, அந்தப் பூஞ்சையின் வித்து இலையில் விழும்போது அதற்கு வெளியிலிருந்து சாப்பாடு கிடையாது. கையில் கட்டிக்கொண்டு வந்த கொழுப்பையும் கிளைக்கோஜனையும் வைத்துத்தான் இலையைத் துளைக்கும் உறுப்பைக் கட்டுகிறது. அதனுள்ளே அழுத்தம் 80 வளிமண்டலம் வரை ஏறும், கார் டயரைப்போலப் பல பத்து மடங்கு. லையேஸ் மரபணுவை எடுத்துவிட்ட பூஞ்சையில் இந்த உறுப்பு உருவாவதும் நோய் வருவதும் தாமதப்படுகிறது என்று 2003ல் காட்டினார்கள். தாமதம்தான், முழுத் தடை இல்லை. விவசாயிகள் அடிக்கும் டிரைசைக்ளசோல் இந்த நொதியைத் தொடுவதில்லை, அந்த உறுப்பின் சுவருக்குக் கறுப்பு நிறமி சேராமல் செய்து அழுத்தம் நிற்காமல் பண்ணுகிறது. எழுதும்போது இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

இனி காசநோய். கிருமி நுரையீரலுக்குள் போனதும் நம் விழுங்கு செல்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கிய இடத்தில் சர்க்கரை அரிது, கொழுப்பும் கொலஸ்ட்ராலும்தான் கிடைக்கும். எண்ணெயை வைத்துக்கொண்டு உடம்பு கட்ட வேண்டிய அதே ஆமணக்கு நிலைமை. 2000ல் ஜான் மெக்கின்னி குழு லையேஸ் மரபணு ஒன்றை நீக்கிய கிருமியைச் சுண்டெலிக்குள் விட்டுப் பார்த்தது. முதல் இரண்டு வாரம் அது சாதாரணக் கிருமி மாதிரியே பெருகியது. எலியின் நோய் எதிர்ப்பு விழித்துக்கொண்டு நெருக்க ஆரம்பித்த பிறகு தாக்குப்பிடிக்க முடியாமல் குறைந்துகொண்டே போனது. எதிர்ப்பு பலமில்லாத எலிகளில் அதே கிருமி மறுபடி வீரியம் காட்டியது. உடம்பு நெருக்கும்போது பதுங்கி உயிர் பிடித்திருக்கத்தான் இந்த நொதி என்று அதிலிருந்து தெரிந்தது. கிருமியிடம் இந்த வேலைக்கு இரண்டு நொதிகள் உண்டு. 2005ல் இரண்டையும் சேர்த்து நீக்கியபோது எலிக்குள் வளரவே முடியவில்லை, நுரையீரலிலிருந்து சீக்கிரமே துடைக்கப்பட்டது.

இன்னொரு விஷயமும் பிறகு தெரிந்தது. கொலஸ்ட்ரால் உடையும்போது மூன்று கார்பன் துண்டுகளும் வருகின்றன. அவை தேங்கினால் கிருமிக்கே விஷம். அதை அப்புறப்படுத்தும் பாதையில் ஒரு படியையும் இதே லையேஸ்தான் செய்கிறது. அதனால் இதை முடக்கினால் கிருமிக்குப் பட்டினியோடு விஷமும் சேரும்.

சரி, மருந்து ஏன் வரவில்லை? நம்மிடம் இந்த நொதிக்கான மரபணுவே இல்லை என்பது உண்மை. இலக்காக இதைவிட நல்லது கேட்க முடியாது. ஆனால் இலக்கு கிடைப்பது ஒன்று, அதில் போய் உட்காரும் மூலக்கூறு கிடைப்பது வேறொன்று. 2000லேயே கிருமியின் லையேஸ் எப்படி மடிந்திருக்கிறது என்று படம் வந்துவிட்டது. வேலை நடக்கும் குழி மிகச் சிறியது, மின்னூட்டம் நிறைந்தது. பொருள் உள்ளே வந்ததும் புரதத்தின் ஒரு துண்டு கதவு போல வந்து மூடிக்கொள்கிறது. அந்தக் குழிக்குள் நுழையக்கூடியவை சக்சினேட் மாதிரியான குட்டி அமில மூலக்கூறுகள். அந்த மாதிரி மூலக்கூறு கிருமியின் மெழுகு உறையைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். போனாலும் நம் நொதிகளையும் பிடித்துவிடும். ஆய்வகத்தில் லையேஸை அருமையாக நிறுத்தும் 3-நைட்ரோபுரோப்பியோனேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் மைட்டோகாண்ட்ரியாவின் சக்சினேட் டீஹைட்ரஜனேஸையும் நிறுத்தும். சீனாவில் பூஞ்சணம் பிடித்த கரும்பைத் தின்றவர்களுக்கு மூளை பாதிக்கக் காரணம் இதே பொருள்தான். போதாததற்கு, கிருமியில் இருக்கும் இரண்டு லையேஸையும் சேர்த்து அடக்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, நம் உடம்பே இந்த மருந்தைச் செய்து பார்க்கிறது என்பது. இட்டகோனேட் என்ற சிறு அமிலம் லையேஸை நிறுத்தும் என்று 1970களிலேயே பாக்டீரியா ஆய்வில் தெரியும். நம் விழுங்கு செல்கள் கிருமியைக் கண்டதும் அதே இட்டகோனேட்டைத் தயாரிக்கின்றன என்று 2011ல் தெரிய வந்தது. காசநோய்க் கிருமியும் சும்மா இல்லை, இட்டகோனேட்டை உடைத்துத் தின்னும் வழியை வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் யாராவது காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை எடுக்கிறார்கள் என்றால், இருமல் நின்ற பிறகும் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்கு நீங்கள் விளக்கலாம். பதுங்கிக் கிடக்கும் கிருமி மருந்துக்குச் சீக்கிரம் அசைவதில்லை, அது தீரும்வரை மாத்திரை ஓட வேண்டும்.

புராஜெக்டுக்கு வருவோம். எடுங்கள், தாராளமாக எடுங்கள். ஆனால் மனதில் வைக்க வேண்டியது ஒன்று: ஆமணக்கு முத்தில் ரிசின் என்ற கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது. கையுறை இல்லாமல் அரைக்காதீர்கள், சக்கையை ஆடு மாடு தொடும் இடத்தில் போடாதீர்கள்.

நாங்கள் முதன்முதலில் செய்தபோது ஒன்றுமே வரவில்லை. சித்திரை வெயிலில், மேசைமேல் வைத்து நிதானமாக அரைத்தோம், நொதி செத்துப்போயிற்று. அடுத்த தடவை மார்க்கெட்டில் மீன் கடைக்காரரிடம் ஐஸ் வாங்கி, உரல், உலக்கை, கரைசல் எல்லாவற்றையும் அதில் புதைத்து வைத்துச் செய்தோம். கரைசலில் மெக்னீசியமும், நொதியின் கந்தகக் கையைக் காக்க மெர்காப்டோஎத்தனாலும் வேண்டும். சுழற்றிய பிறகு குழாயில் மேலே வெண்ணெய் மாதிரி கொழுப்பு, கீழே வண்டல், நடுவில் தெளிந்த நீர். அந்த நடு நீரை மட்டும் ஊசிக்குழலால் உறிஞ்சி எடுங்கள். நொதி அதில்தான் இருக்கிறது. ஐசோசிட்ரேட் கொடுத்தால் கிளையாக்சிலேட் உருவாகும். அதை ஃபீனைல்ஹைட்ரஸீனோடு சேர்த்து 324 நானோமீட்டர் ஒளியில் அளப்பதுதான் வழக்கம், ஆனால் நிறத்தின் அடர்வை அளக்கும் கல்லூரி கலரிமீட்டர் அந்த அலைநீளத்துக்கு இறங்காது. அதற்கு மாற்று உண்டு. ஃபீனைல்ஹைட்ரஸீன் சேர்ந்த பிறகு அமிலமும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஊற்றினால் ரோஜா நிறம் ஏறும், 520ல் அளக்கலாம். காய்ந்த முத்தின் குழாய் நிறமில்லாமல் நின்றது. ஐந்தாம் நாள் முத்தின் குழாய் பன்னீர் ரோஜா நிறத்தில் சிவந்து வந்தபோது பிள்ளைகள் எல்லாரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஃபீனைல்ஹைட்ரஸீனும் நஞ்சுதான், புகைக் கூண்டுக்குள் வைத்துச் செய்யுங்கள்.

சர்க்கரையைக் காட்ட பெனடிக்ட் கரைசலை நேரடியாக ஊற்றி ஏமாறாதீர்கள். ஆமணக்கு செய்வது பெரும்பாலும் சுக்ரோஸ், அது பெனடிக்டுக்கு மசியாது. நீர்த்த அமிலத்தில் கொதிக்க வைத்து, சோடா உப்புப் போட்டு அமிலத்தை முறித்துவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள்.

நேரம் இருந்தால் வெள்ளரி விதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணெய் வித்திலையிலேயே இருக்கிறது. முளைத்து வெளிச்சம் பட்டுப் பச்சையாகும்போது கிளையாக்சிசோம் அப்படியே இலைப் பெராக்சிசோமாக மாறுகிறது, லையேஸ் சில நாளில் காணாமல் போகிறது. இரண்டு தட்டு வையுங்கள். ஒன்று ஜன்னலோரம். இன்னொன்று, ஊரில் முளைப்பாரி போட்டு மூடி வைப்பார்களே, அந்த மாதிரி இருட்டறையில், மஞ்சளாக. மூன்றாம் நாளிலிருந்து தினம் இரண்டிலும் பத்துப் பத்து வித்திலை எடுத்து, ஒரே நேரத்தில், ஒரே ஐஸில் அரைத்து, ரோஜா நிறத்தை அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். இருட்டுத் தட்டின் எண் எந்த நாளில் ஜன்னல் தட்டை விட்டுப் பிரிகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.